ஆர்டர், ஸ்டைல், கலர்: எது டாஸ்க், எது சப்டாஸ்க்? ரெட்மைனில் டி அண்ட் ஏ காலண்டர்

#1 நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு சின்ன எக்ஸ்போர்ட் யூனிட்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன். ஆர்டர் வந்ததும் எங்களுக்கு முதல் வேலை டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) காலண்டர் போடறது. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பின்னால சுருங்காம இறுக்கறது), லேப் டிப் (கலர் ஓகே வாங்க சாயம் போட்டு அனுப்பற துணித் துண்டு), ஃபிட் சாம்பிள், பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன்னாடி போற ப்ரீ-ப்ரொடக்‌ஷன் சாம்பிள்), டிரிம்ஸ் (லேபிள், பட்டன் மாதிரி), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், எக்ஸ்-ஃபேக்டரி (சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பறது) வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிளான் தேதி, பக்கத்துல ஆக்சுவல் தேதி. வருஷக்கணக்கா இது எக்செல்லதான் ஓடிட்டு இருந்தது. வாட்ஸ்அப்ல ஷீட்டை மாத்தி மாத்தி அனுப்பி, எது கடைசி ஷீட்டுன்னே தெரியாத நிலைமை வந்ததால இப்ப ஆபீஸ் சர்வர்ல ரெட்மைன்னு டாஸ்க் கண்காணிக்கற மென்பொருள் போட்டிருக்கோம்.

சிக்கல் டாஸ்க்கை எப்படி அடுக்கறதுங்கறதுலதான். ஒரு ஆர்டரை எடுத்துக்கறேன். மூணு ஸ்டைல்: ரவுண்ட் நெக் டி-ஷர்ட், பைஜாமா செட், ஹூடி. மூணுமே நேவி, மெரூன், கிரே மெலாஞ்ச்னு மூணு கலர்ல போகுது. நாங்க ஆர்டரை மெயின் டாஸ்க்கா வெச்சு, அதுக்குக் கீழ ஸ்டைல், ஸ்டைலுக்குக் கீழ கலர், கலருக்குக் கீழ டிபார்ட்மென்ட், அதுக்கும் கீழ உண்மையான வேலைன்னு போட்டிருக்கோம். ரெட்மைன் எத்தனை அடுக்கு போட்டாலும் தடுக்கறதில்லை. அதனால இறங்கிட்டே போகுது.

இப்ப என்ன நடக்குதுன்னா, டையிங் பார்க்கற அண்ணன் லிஸ்ட்டைத் திறந்தா 'நேவி டையிங்' டி-ஷர்ட்டுக்குக் கீழ ஒண்ணு, பைஜாமாவுக்குக் கீழ ஒண்ணு நிக்குது. சாயப்பட்டறையில அது ஒரே லாட். அவர் ஒண்ணை முடிச்சதாப் போடறார், இன்னொண்ணு சிவப்பாவே கிடக்கு. கிரே மெலாஞ்ச் நூலே கலரோட வர்றது, அதுக்கு டையிங்கே கிடையாது. ஆனா டெம்ப்ளேட்டைக் காப்பி பண்ணினதுல அங்கயும் ஒரு டையிங் டாஸ்க் உட்கார்ந்திருக்கு. எல்லாத்துக்கும் மேல, ஆர்டரைத் திறந்தா 80 சதவீதம் முடிஞ்சதுன்னு காட்டுது. பிபி சாம்பிள் இன்னும் அப்ரூவலே ஆகலை. அது ஆகாம கட்டிங் போடவே முடியாது. முதலாளி அந்த 80-ஐப் பார்த்துட்டு நிம்மதியாப் போறார்.

எந்த அடுக்குல எதை வைக்கணும்? சப்டாஸ்க் எத்தனை ஆழம் போகலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


#2 அடையாறு_நிரலர் (சென்னை)

நான் மென்பொருள் துறை, ஜிரா என்ற டாஸ்க் மென்பொருளைப் பயன்படுத்துகிறவன். பனியன் தொழில் எனக்குத் தெரியாது. அடுக்கு பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜிராவில் சாதாரணமாக மூன்று படிதான்: எபிக், அதன் கீழ் ஸ்டோரி அல்லது டாஸ்க், அதன் கீழ் சப்டாஸ்க். சப்டாஸ்க்குக்குக் கீழே இன்னொரு சப்டாஸ்க் போட விடாது. புதிதாக வருகிறவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு இது நல்ல வேலி. அசானாவில் ஐந்து படி வரை இறங்கலாம், கிளிக்அப்பில் ஏழு. கிட்ஹப்பில் 2025-ல் எல்லாருக்கும் திறந்துவிட்ட சப்-இஷ்யூவில் (டாஸ்க்கை அங்கே இஷ்யூ என்பார்கள்) எட்டு படி, ஒரு இஷ்யூவுக்குக் கீழ் நூறு வரை. மென்பொருள் இடம் கொடுக்கிறது என்பதற்காக நாம் அத்தனை படியும் கட்ட வேண்டியதில்லை.

ஒரு வேலைக்குத் தனி சப்டாஸ்க் வேண்டுமா என்று பார்க்க நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். இதற்கென்று தனியாக ஒருவர் பொறுப்பா? இதற்கென்று தனித் தேதி உண்டா? மற்றதெல்லாம் நின்றுபோனாலும் இது மட்டும் முடிந்தது என்று சொல்ல முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் சப்டாஸ்க். இல்லாவிட்டால் அது டாஸ்க்குக்குள் ஒரு செக்லிஸ்ட் வரி, அவ்வளவுதான்.

உங்கள் 'டிபார்ட்மென்ட்' படியை உடனே எடுத்துவிடுங்கள். டிபார்ட்மென்ட் என்பது யார் செய்கிறார்கள் என்ற தகவல். அதற்குக் கேட்டகரியோ அசைனியோ இருக்கிறது. யாரும் டிபார்ட்மென்ட்டை 'முடிப்பது' இல்லை.

கலரையும் ஸ்டைலையும் கூட கஸ்டம் ஃபீல்டாக (டாஸ்க்கில் நாமே சேர்க்கும் தகவல் கட்டமாக) போடுங்கள். ஆர்டர், அதன் கீழ் நேரடியாக வேலைகள். இரண்டே படி.


#3 பழைய_மெர்ச்சண்டைசர் (அவிநாசி)

தம்பி நொய்யல்கரை, உங்க சிக்கல் எனக்கு நல்லாப் புரியுது. சென்னைத் தம்பி சொன்னதுல டிபார்ட்மென்ட்டை எடுக்கச் சொன்னது ரொம்பச் சரி. ஆனா ஸ்டைல், கலரையெல்லாம் வெறும் ஃபீல்டாக்கிட்டு எல்லா வேலையையும் ஆர்டருக்குக் கீழ கொட்டினா, நம்ம தொழில்ல அது நிக்காது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

ஒரு ஆர்டர்ல எல்லா வேலையும் ஒரே அளவுல நடக்கறதில்லைங்க. லேப் டிப் கலருக்கு ஒண்ணு. டி-ஷர்ட்டா ஹூடியாங்கற கேள்வி பெரும்பாலும் அங்க இல்லை, துணி வேறயா இருந்தா மட்டும் ரெண்டு டிப். ஃபிட் சாம்பிள் ஸ்டைலுக்கு ஒண்ணு, கையில கிடைக்கற கலர்ல தைச்சு அனுப்பலாம், பையர் பார்க்கறது அளவை. பிபி சாம்பிளும் ஸ்டைலுக்குத்தான், ஆனா நிஜமான துணி, நிஜமான லேபிள், நிஜமான நூல்ல வரணும். நிட்டிங் துணி ரகத்துக்கு. சாயம் போடப் போற துணியெல்லாம் கலர் பார்க்காம கிரே துணியா (கிரே கலர் இல்லை, சாயம் ஏறாத துணி) ஒண்ணா ஓடிடும். டையிங்குக்குப் போனாத்தான் கலர் பிரியும். கட்டிங்குல ஸ்டைலும் கலரும் சேர்ந்து பிரியும். பேக்கிங்கும் இன்ஸ்பெக்‌ஷனும் பையரோட பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) வாரியா, எந்த பிஓ எந்தத் தேதிக்குக் கப்பல் ஏறணும்கறதை வெச்சு.

அதாவது ஆர்டர், ஸ்டைல், கலர்னு ஒரே மரமா நட்டா, பாதி வேலை தப்பான கிளையில உட்காரும். உங்க டி-ஷர்ட்டும் பைஜாமா மேல்சட்டையும் ஒரே 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சின்னு வெச்சுக்குவோம். நேவி ஜெர்சி ஒரே லாட்டா பட்டறைக்குப் போகுது. கழுத்துக்குப் போடற ரிப்பும் அதே லாட்லதான் போகணும், இல்லைன்னா ஷேட் மாறும். இந்த லாட் யாருக்குப் பிள்ளை? டி-ஷர்ட்டுக்கா, பைஜாமாவுக்கா? ரெண்டுக்கும்தான். மென்பொருள்ல ஒரு சப்டாஸ்க்குக்கு ஒரு தாய்தான். நீங்க ரெண்டு தடவை எழுத வேண்டி வந்ததுக்கு அதுதான் காரணம். உங்க டையிங் அண்ணன் மேல தப்பே இல்லை.

அதனால துணியைத் தனியா நிறுத்துங்க. 'ஜெர்சி 160 நேவி', 'ஜெர்சி 160 மெரூன்', 'ஜெர்சி 160 மெலாஞ்ச்', 'ஃப்ளீஸ் 280 நேவி' இப்படி ஒவ்வொரு துணி-கலரும் ஒரு மெயின் டாஸ்க். அதுக்குக் கீழதான் லேப் டிப், டையிங், காம்பாக்டிங், துணி இன்ஸ்பெக்‌ஷன். நிட்டிங் ஜெர்சிக்கு ஒண்ணு, ஃப்ளீஸுக்கு ஒண்ணுன்னு துணி ரகத்து மேல தனியா நிக்கட்டும். மெலாஞ்சுக்குக் கீழ டையிங் இருக்காது, நிட்டிங்கும் அதுக்குத் தனி நூல்ங்கறதால தனியாவே ஓடும். அதுக்கு வாஷிங், காம்பாக்டிங்கோட சரி. ஸ்டைல் ஒவ்வொண்ணும் ஒரு மெயின் டாஸ்க், அதுக்குக் கீழ சாம்பிள்கள், பேட்டர்ன், கிரேடிங். ஸ்டைலும் கலரும் சேர்ந்தது உற்பத்தி. பிஓ ஒவ்வொண்ணும் ஷிப்மென்ட்.

நாலு கும்பல். ஒண்ணுக்கொண்ணு தாய்-பிள்ளை கிடையாது. 'இது முடிஞ்சாத்தான் அது'ங்கற கட்டு மட்டும்தான்.

சாயத்துல ஒரு நாள் தள்ளினா கீழ எத்தனை ஸ்டைல் தள்ளுதுங்கறது தெரியணும். உயர் நீதிமன்ற உத்தரவால 2011 ஜனவரியில சாயப்பட்டறை மூடினப்ப திருப்பூர்ல இருந்தவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிட்டிங் மெஷின் இருந்தது, தைக்க ஆள் இருந்தது. நடுவுல ஒரு கண்ணி அறுந்ததுக்கு மொத்தமும் நின்னுச்சு.


#4 நொய்யல்கரை

அண்ணா, ரொம்ப நன்றிங்க. 'லாட் யாருக்குப் பிள்ளை'ங்கறது நாங்க யோசிக்காத கோணம். ஃப்ளோர்ல எல்லாருக்கும் தெரியும் அது ஒரே லாட்டுன்னு, ஆனா சிஸ்டத்துல ஸ்டைலுக்குக் கீழதான் போடணும்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். பையர் அனுப்பற ஆர்டர் ஷீட் ஸ்டைல் வாரியா வர்றதால அந்தப் பழக்கம்.

இந்த 'முடிஞ்சாத்தான்' கட்டை ரெட்மைன்ல எப்படிப் போடறது?


#5 சைட்_பிளானர் (தோஹா)

கட்டுமானத் திட்டமிடலில் இருக்கிறேன், ப்ரைமவெராவும் எம்எஸ் ப்ராஜெக்ட்டும் தினசரி வேலை. அவிநாசி ஐயா சொன்னதை எங்கள் தொழிலில் படிப்பினையாகவே வைத்திருக்கிறோம். எது எதன் பகுதி என்பது ஒரு படம். எது எதற்குப் பின் என்பது இன்னொரு படம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் இரண்டும் கெடும்.

முதல் படத்துக்கு வொர்க் பிரேக்டவுன் ஸ்ட்ரக்சர் என்று பெயர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1968-ல் மில்-எஸ்டிடி-881 என்று ஒரு தரநிலையே போட்டது. ஆயுதம் வாங்கும் திட்டங்களில் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் ஒவ்வொரு விதமாக வேலையைப் பிரித்துக் கணக்குக் காட்டினால் ஒப்பிட முடியாது என்பது காரணம். அதில் பிரிப்பது செய்துமுடிக்கும் பொருளை வைத்து. விமானம் என்றால் உடல், எஞ்சின், மின்னணு என்று போகும். வெட்டுவது, ஒட்டுவது, சோதிப்பது என்று மேல்மட்டத்தில் போகாது. ஐயா 'ஜெர்சி 160 நேவி'யை ஒரு டாஸ்க்காக நிறுத்தியது இதே வழிதான்.

இதோடு நூறு சதவீத விதி என்று ஒன்று சொல்வார்கள். ஒரு மெயின் டாஸ்க்குக்குக் கீழே உள்ள சப்டாஸ்க்குகள் எல்லாம் சேர்ந்தால் அந்த வேலை முழுதாக வந்துவிட வேண்டும். குறையவும் கூடாது, வேறொன்றின் வேலை இதற்குள் கலக்கவும் கூடாது. எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பதற்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், 80 மணி நேரத்துக்கு மிகாமல் என்று ஒரு நடைமுறை அளவு உண்டு. உங்கள் தொழிலில் நாள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் ஒரு டாஸ்க் அடுத்த வார மீட்டிங்கிலும் 'நடந்துகொண்டிருக்கிறது', அதற்கடுத்த வாரமும் 'நடந்துகொண்டிருக்கிறது' என்று இருந்தால் அது பெரிதாக இருக்கிறது என்று பொருள்.

எம்எஸ் ப்ராஜெக்ட் கற்றுக்கொடுக்கும்போது நான் முதலில் சொல்வது, சம்மரி டாஸ்க்கை (கீழே வேலைகள் உள்ள தலைப்பு டாஸ்க்கை) வேறு எதோடும் கட்டாதீர்கள். கட்டை அடியில் உள்ள உண்மையான வேலைகளுக்கு இடையே போடுங்கள். 'துணி' முழுவதையும் 'உற்பத்தி' முழுவதோடு கட்டினால், மெரூன் தாமதமானால் நேவி கட்டிங்கும் தள்ளிப்போகும். நேவி காம்பாக்டிங்கை நேவி கட்டிங்கோடு கட்டுங்கள்.

காத்திருப்பையும் டாஸ்க்காகப் போடாதீர்கள். இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 படி, 4.5 மீட்டருக்கு மேல் அகலம் தாண்டும் ஸ்லாபின் அடியில் நிற்கும் முட்டுகளை 14 நாள் கழித்துத்தான் எடுக்கலாம். அந்த 14 நாளும் யாரும் எதுவும் செய்வதில்லை. அது இரண்டு வேலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, கட்டின்மேல் எழுத வேண்டிய எண்.


#6 பழைய_மெர்ச்சண்டைசர்

தோஹா தம்பி, கடைசி வரியில மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

லைக்ரா துணியைக் கட்டிங்குக்கு முன்னாடி பிரிச்சு விரிச்சு 24 மணி நேரம் ரிலாக்ஸ் ஆக விடறோம் பாருங்க, அது நீங்க சொல்ற முட்டுக் கதை. இடைவெளின்னு எழுதிடலாம். ஆனா பையர்கிட்ட லேப் டிப் போயிருக்கு, பதில் வரலை. அது காத்திருப்பு மாதிரி தெரியும், காத்திருப்பு இல்லை. கூரியர் சேர்ந்துச்சான்னு பார்க்கணும், மெயில் போடணும், லைட் பாக்ஸ்ல பார்த்தாங்களான்னு கேட்கணும், அங்க லீவுன்னா வேற ஆளைப் பிடிக்கணும். இது மெர்ச்சண்டைசரோட வேலை. 'பையர் அப்ரூவல் 7 நாள்'னு ரெண்டு டாஸ்க்குக்கு நடுவுல நம்பரா எழுதிட்டா, அந்த ஏழு நாளும் அது யார் லிஸ்ட்லயும் இருக்காது. எட்டாவது நாள் கட்டிங் மாஸ்டர் துணி எங்கன்னு கேட்கறப்பதான் தெரியும்.

அதனால எல்லா அப்ரூவலும் தனி டாஸ்க். மெர்ச்சண்டைசர் பேர்ல. பேரையும் தெளிவா வைங்க. 'பிபி சாம்பிள்'னு மொட்டையா போட்டா தைக்கற சாம்பிள் டெய்லர் அனுப்பினதும் முடிஞ்சதுன்னு போட்டுடுவார். 'பிபி சாம்பிள் அனுப்பியாச்சு' ஒண்ணு, 'பிபி சாம்பிள் அப்ரூவல் வந்தாச்சு' ஒண்ணு.


#7 சைட்_பிளானர்

ஒத்துக்கொள்கிறேன் ஐயா. எங்களுக்கும் டிராயிங் அப்ரூவல் அப்படித்தான், கன்சல்டன்ட்டிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. அதைத் தனி வரியாகத்தான் போடுகிறோம். யாராவது துரத்த வேண்டியிருந்தால் டாஸ்க், இயற்கை தானே முடித்துக்கொள்ளும் என்றால் இடைவெளி.


#8 ரெட்மைன்_காவலன் (மதுரை)

ரெட்மைன் பக்கம் நான் சொல்கிறேன். ஒரு கல்வி நிறுவனத்துக்காக இதைப் பராமரிக்கிறேன்.

நொய்யல்கரை, முதலில் அந்த 80 சதவீதம். ரெட்மைனில் சப்டாஸ்க் போட்டவுடனே மெயின் டாஸ்க்கின் தேதிகள், முன்னுரிமை, முடிந்த சதவீதம் மூன்றும் கீழே இருந்து கணக்கிடப்படும். சதவீதம் என்பது சப்டாஸ்க்குகளின் சராசரி. எஸ்டிமேட்டட் டைம் நிரப்பியிருந்தால் அந்த மணி நேரத்தை எடையாக வைத்துச் சராசரி போடும். நிரப்பவில்லை என்றால் எல்லா சப்டாஸ்க்கும் ஒரே எடை. உங்கள் ஆர்டரில் பட்டன் வாங்கியதும் ஒரு எடை, பிபி அப்ரூவலும் அதே எடை. பத்தில் எட்டு முடிந்தால் 80. மீதி இரண்டு என்ன என்பது சராசரிக்குத் தெரியாது.

நிர்வாகப் பக்கத்தில் இஷ்யூ டிராக்கிங் அமைப்புகளுக்குப் போனால் மெயின் டாஸ்க்கின் தேதி, முன்னுரிமை, சதவீதம் ஒவ்வொன்றையும் 'சப்டாஸ்க்கிலிருந்து கணக்கிடு' அல்லது 'தனியாக விடு' என்று மாற்றலாம். தேதியைக் கணக்கிட விடுங்கள். சதவீதத்தைத் தனியாக விட்டு, பட்டியலில் அந்த நெடுவரிசையையே எடுத்துவிடுங்கள். உங்கள் முதலாளிக்குக் காட்ட வேண்டியது 'தேதி தாண்டியும் திறந்திருக்கும் அப்ரூவல்கள்' என்ற ஒரு க்வெரி (வடிகட்டிய பட்டியல்). அதைச் சேமித்து எல்லாருக்கும் பொதுவாக வைத்தால், அவர் காலையில் அதை ஒன்றைத் திறந்தால் போதும்.

அடுத்து, கட்டு. ஒவ்வொரு டாஸ்க்கின் பக்கத்திலும் 'ரிலேட்டட் இஷ்யூஸ்' பகுதி உண்டு. அதில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு.

ப்ரிசீட்ஸ்: அ முடிந்த பிறகுதான் ஆ தொடங்கும். நடுவே இத்தனை நாள் என்று இடைவெளியும் கொடுக்கலாம். அ-வின் முடிவுத் தேதி பின்னால் தள்ளினால் ஆ-வும் தானாகத் தள்ளும். வாரத்தில் எந்த நாள் வேலை இல்லை என்று அமைப்புகளில் குறித்துவிட்டால் அதையும் விட்டுக் கணக்கிடும்.

பிளாக்ஸ்: இது தேதியைத் தொடாது. அ மூடப்படாமல் ஆ-வை மூட விடாது. பிபி அப்ரூவலுக்கும் கட்டிங்குக்கும் நடுவே இதைப் போடுங்கள். யாராவது அவசரத்தில் கட்டிங் முடிந்தது என்று போட வந்தால் நிறுத்தும்.

அவிநாசி ஐயா சொன்ன நேவி லாட் ஒன்றே ஒன்றாக இருக்கும், அதன் காம்பாக்டிங்கிலிருந்து டி-ஷர்ட் நேவி கட்டிங்குக்கு ஒரு ப்ரிசீட்ஸ், பைஜாமா நேவி கட்டிங்குக்கு இன்னொன்று. ஒரு வேலை எத்தனை வேலைக்கு வேண்டுமானாலும் முந்தியதாக இருக்கலாம். தாய் ஒன்றுதான் இருக்க முடியும், கட்டு எத்தனை வேண்டுமானாலும். ஒரு டாஸ்க்கை அதன் சொந்த சப்டாஸ்க்கோடு மட்டும் இப்படிக் கட்ட முடியாது.

நான்கு கும்பலுக்கும் நான்கு டிராக்கர் (டாஸ்க் வகை) போடுங்கள்: துணி, சாம்பிள், உற்பத்தி, ஷிப்மென்ட். டிரிம்ஸுக்கு ஐந்தாவது வேண்டுமானால் போடலாம். டிராக்கருக்குத் தகுந்தபடி ஃபீல்டுகளையும் ஸ்டேட்டஸ் ஓட்டத்தையும் வேறாக வைக்கலாம் என்பதால் துணிக்கு ஜிஎஸ்எம், லாட் நம்பர், பட்டறை. உற்பத்திக்குப் பீஸ் எண்ணிக்கை என்று தேவையானது மட்டும் தெரியும். ஸ்டைல், கலர் இரண்டையும் லிஸ்ட் வகை கஸ்டம் ஃபீல்டாகவும் வையுங்கள். அடையாறு நண்பர் சொன்னது இங்கே உதவும், ஏனென்றால் லிஸ்ட் ஃபீல்டை வைத்து க்வெரியைக் குழுவாக்கலாம். நேவியில் நடப்பதெல்லாம் ஓரிடத்தில் வேண்டுமென்றால் கலர் வாரியாகக் குழுவாக்கினால் வந்துவிடும். அதற்காக மரத்தை மாற்ற வேண்டாம்.


#9 நொய்யல்கரை

மதுரை அண்ணா, பிளாக்ஸ் இருக்கறதே எங்களுக்குத் தெரியலைங்க. இன்னைக்கே போடறேன்.

ரெண்டு கேள்வி. ஜாப் ஒர்க்குக்கு வெளிய கொடுக்கறப்ப டாஸ்க் யார் பேர்ல இருக்கணும்? பட்டறைக்காரங்க ரெட்மைனுக்குள்ள வரமாட்டாங்க. அடுத்தது, ஒவ்வொரு ஆர்டருக்கும் இத்தனை கட்டையும் கையால போடறது நடக்காத காரியம். டெம்ப்ளேட் எப்படி?


#10 ரெட்மைன்_காவலன்

பட்டறை பெயர் ஒரு ஃபீல்டு. டாஸ்க் எப்போதும் உங்கள் கம்பெனியில் அதைத் துரத்துகிறவர் பேரில். சிஸ்டத்துக்குள் வராத ஒருவர் பேரில் போட்ட டாஸ்க்கை யாரும் புதுப்பிக்க மாட்டார்கள்.

டெம்ப்ளேட்டுக்கு, ஆர்டர் ஒவ்வொன்றையும் ஒரு சப்-ப்ராஜெக்ட்டாக வையுங்கள், பையர் அல்லது சீசன் அதற்கு மேல் உள்ள ப்ராஜெக்ட். 'மாதிரி ஆர்டர்' என்று ஒரு ப்ராஜெக்ட் செய்து, கட்டுகளோடு எல்லாம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட்டைக் காப்பி செய்தால் டாஸ்க், சப்டாஸ்க், அவற்றுக்கு நடுவே உள்ள கட்டு எல்லாம் கூடவே வரும். சாயம் போடும் கலருக்கு ஒரு மாதிரி, மெலாஞ்சுக்கு ஒரு மாதிரி இரண்டையும் அதிலேயே வைத்து, வேண்டாததை நீக்குங்கள். நீக்குவது சேர்ப்பதைவிடச் சுலபம். இரண்டு ஆர்டருக்கு ஒரே துணி போனால் ப்ராஜெக்ட் தாண்டியும் கட்டு போட அனுமதிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.


#11 பழைய_மெர்ச்சண்டைசர்

ஒண்ணு விட்டுப்போச்சுங்க, ரொம்ப முக்கியமானது. டி அண்ட் ஏ எப்பவும் பின்னாலிருந்து முன்னால போடறது. எக்ஸ்-ஃபேக்டரி தேதி பையர் கொடுத்தது, அது நகராது. தூத்துக்குடியில கப்பல் நமக்காக நிக்காது. அங்கிருந்து பேக்கிங்குக்கு இத்தனை நாள், தையலுக்கு இத்தனை நாள்னு கழிச்சுக்கிட்டே வந்து நூல் என்னிக்கு வரணும்னு முடிவு பண்றோம். மதுரைத் தம்பி சொல்ற ப்ரிசீட்ஸ் முன்னால இருந்து பின்னால தள்ளுது. டையிங் அஞ்சு நாள் தள்ளினா எல்லாம் அஞ்சு நாள் தள்ளி, ஷிப்மென்ட் தேதியே அஞ்சு நாள் தள்ளி உட்கார்ந்துக்கும். அப்ப எதுவுமே சிவப்பாத் தெரியாது. எல்லாம் சரியாப் போற மாதிரி இருக்கும். எக்செல்ல இந்த ஆபத்து இல்லை, பிளான் தேதி அப்படியே நிக்கும்.


#12 ரெட்மைன்_காவலன்

ஐயா சொல்வது நிஜமான ஓட்டை. ரெட்மைன் தானாகப் பின்னோக்கித் திட்டமிடாது.

இதற்கு வழி, 'பிளான் தேதி' என்று தேதி வகை கஸ்டம் ஃபீல்டு ஒன்று. ஆர்டர் உறுதியான அன்று உங்கள் எக்செல்லில் பின்னோக்கிக் கணக்கிட்டு, சிஎஸ்வி-யாக ஏற்றிவிடுங்கள். டாஸ்க்குகளை ஏற்றும்போது எது எதற்குச் சப்டாஸ்க் என்பதையும் சிஎஸ்வி-யில் சொல்லலாம். அந்த ஃபீல்டைத் திருத்தும் உரிமையைத் தலைமை மெர்ச்சண்டைசருக்கு மட்டும் கொடுங்கள், வொர்க்ஃப்ளோவில் ரோல் வாரியாக ஃபீல்டைப் படிக்க மட்டும் என்று வைக்க முடியும். ரெட்மைனின் சொந்த டியூ டேட் 'இப்போதைய நிலைமையில் எப்போது முடியும்' என்பதைக் காட்டட்டும், அது நகரட்டும். க்வெரியில் இரண்டு நெடுவரிசையும் பக்கத்தில் பக்கத்தில். ஷிப்மென்ட் வரியில் பிளான் தேதிக்கும் டியூ டேட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஆர்டர் எத்தனை நாள் ஆபத்தில் இருக்கிறது என்பது.


#13 சைட்_பிளானர்

இதை நாங்கள் பேஸ்லைன் என்போம். எம்எஸ் ப்ராஜெக்ட்டில் ஒரு பொத்தானில் வருவதை ரெட்மைனில் ஃபீல்டு வைத்துச் செய்கிறீர்கள், பலன் ஒன்றுதான். பேஸ்லைனை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டுவிடாதீர்கள். தேதி தாண்டியதும் தேதியையே மாற்றிவிடும் பழக்கம் எல்லாத் தொழிலிலும் உண்டு.


#14 அடையாறு_நிரலர்

இவ்வளவு படித்த பிறகு என் முதல் பதிலில் 'இரண்டே படி' என்றதை இந்தத் தொழிலுக்கு இப்படிச் சொல்கிறேன்: இரண்டு படிதான், ஆனால் நான்கு தனித்தனிக் கூட்டமாக.

செக்லிஸ்ட் பற்றி ஒன்று. டிரிம்ஸில் மெயின் லேபிள், வாஷ் கேர் லேபிள், ஹேங் டேக், பாலி பேக், கார்ட்டன் என்று நிறைய இருக்கும். எல்லாவற்றையும் சப்டாஸ்க் ஆக்கினால் மறுபடி பட்டியல் வீங்கும். என் மூன்று கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள்.


#15 நொய்யல்கரை

போட்டுப் பார்த்தேன்ங்க. வாஷ் கேர் லேபிளுக்கு டெக்ஸ்ட்டைப் பையர் அப்ரூவ் பண்ணணும், அது தைக்கறப்பவே உள்ள போகணும். மெயின் லேபிளும் தையலுக்கு முன்னாடி. அதனால இது ரெண்டும் தனித்தனி டாஸ்க், தையலுக்கு பிளாக்ஸ். ஹேங் டேக், பாலி பேக், கார்ட்டன், ஸ்டிக்கர் எல்லாம் பேக்கிங் அன்னிக்கு இருந்தாப் போதும், ஒரே ஆள் பார்க்கறார். அதெல்லாம் 'பேக்கிங் மெட்டீரியல்'னு ஒரே டாஸ்க், உள்ள செக்லிஸ்ட். ரெட்மைன்ல செக்லிஸ்ட் கூடவே வர்றதில்லை, ப்ளகின் போட்டுக்கிட்டேன்.

மாதிரி ஆர்டர் போட்டாச்சு. டையிங் அண்ணன்கிட்ட அவர் லிஸ்ட்டைக் காட்டினேன். டி-ஷர்ட், பைஜாமா எதுவும் அதுல இல்லை, 'ஜெர்சி 160 நேவி, லாட்', 'ஃப்ளீஸ் 280 நேவி, லாட்'னு துணி மட்டும்தான். பட்டறையில இருந்து வர்ற டெலிவரி சலான்ல இருக்கற மாதிரியே இருக்குன்னு சொன்னார்.

இன்னும் ஒரு இடத்துலதான் முடிவு பண்ண முடியலை. லேப் டிப் பையர் ரிஜெக்ட் பண்ணிட்டா? அதே டாஸ்க்கைத் திரும்பத் திறக்கறதா, புதுசா ஒண்ணு போடறதா?


#16 அடையாறு_நிரலர்

அதே டாஸ்க். ஸ்டேட்டஸ் 'மறுபடி அனுப்பணும்'. வரலாறு கீழே பதிவாகிவிடும். எத்தனை முறை என்று தெரிய வேண்டுமானால் ஒரு எண் ஃபீல்டு.


#17 பழைய_மெர்ச்சண்டைசர்

இல்லைங்க தம்பி. இங்க சப்டாஸ்க்தான் சரி, இந்த ஒரு இடத்துல மூணாவது படியும் இருக்கட்டும்.

ஒவ்வொரு சப்மிஷனும் தனிச் சரக்கு. பட்டறை வேற ரெசிபி போட்டுத் தருது. ஏ, பி, சி-ன்னு ஆப்ஷன் போகுது. அனுப்பின தேதி, கூரியர் நம்பர், 'கொஞ்சம் சிவப்பு தட்டுது, இன்னும் டார்க் வேணும்'னு பையர் கொடுக்கற கமெண்ட், எல்லாம் அந்தந்த சப்மிஷனோட சேர்ந்தது. அடுத்த சீசன் அதே நேவி வந்தா, எந்த சப்மிஷன்ல எந்த ஆப்ஷன் ஓகே ஆச்சுன்னுதான் முதல்ல தேடுவோம். அதை ஒரே டாஸ்க்கோட கமெண்ட் வரிசைக்குள்ள தேடிக் கண்டுபிடிக்கறது கஷ்டம். சென்னைத் தம்பியோட மூணு கேள்விக்கும் இது ஆம்தான்: பொறுப்பு இருக்கு, தேதி இருக்கு, ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது தொடங்குது.


#18 அடையாறு_நிரலர்

சரிதான் ஐயா. அப்படியானால் சப்மிஷன் என்பது தனி வேலை. எண் ஃபீல்டு வேண்டாம்.


#19 ரெட்மைன்_காவலன்

அப்படி வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், நொய்யல்கரை. சப்டாஸ்க் ஒன்று திறந்திருந்தால் ரெட்மைன் மெயின் டாஸ்க்கை மூட விடாது. முதல் சப்மிஷன் ரிஜெக்ட் ஆகி 'ரிஜெக்டட்' என்ற ஸ்டேட்டஸில் நிற்கிறது, இரண்டாவது அப்ரூவ் ஆகிவிட்டது என்றால், முதலாவது திறந்ததாகவே கணக்கில் இருந்தால் 'நேவி லேப் டிப்' மூடாது. அது மூடாவிட்டால், பிளாக்ஸ் கட்டு இருப்பதால் டையிங்கையும் முடிக்க முடியாது.

நிர்வாகப் பக்கத்தில் இஷ்யூ ஸ்டேட்டஸ் பட்டியலுக்குப் போய், 'ரிஜெக்டட்' என்ற ஸ்டேட்டஸுக்கு 'இஷ்யூ க்ளோஸ்டு' என்ற குறியைப் போட்டுவிடுங்கள். ரிஜெக்ட் ஆன சப்மிஷனும் முடிந்த வேலைதான். சப்மிஷன்களுக்கு 'துணி' டிராக்கரைப் பயன்படுத்தாமல் தனியாக ஒரு டிராக்கர் வைத்தால், அதில் 'அனுப்பியாச்சு', 'அப்ரூவ்டு', 'ரிஜெக்டட்' மூன்று ஸ்டேட்டஸ் போதும்.


#20 நொய்யல்கரை

போட்டுட்டேன்ங்க, மூடுது. அடுத்த ஆர்டர் ஷீட் வந்திருக்கு, இந்தத் தடவை ஸ்ட்ரைப் துணியும் ஒண்ணு இருக்கு. அது நூலாவே சாயம் போட்டு வர்றது, டையிங் நிட்டிங்குக்கு முன்னாடி வரும். மாதிரி ஆர்டர்ல மூணாவது துணி வகையா அதைச் சேர்த்து, கட்டை மாத்திப் போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட் இங்கயே போடறேன்.